வீட்டுக்கேற்ற மின்பிறப்பாக்கி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மின்சாரம் தடைப்படும் வேளையில் வீட்டுக்கு உதவும் மின்பிறப்பாக்கியைப் பற்றியது. கலைப் பட்டதாரியாகிய ஒரு பாடசாலை அதிபருக்கு இப்பொருளில் என்ன வேலை என்று உங்களிற் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் ஒன்று கூறுவேன். பொறியியலாளர் இதனை விளக்கும்போது நமக்கு முழுவதும் விளங்குவதில்லை. வியாபாரி விளங்கும்படியாகவே விளக்குவார். ஆனால் அவர் விற்க விரும்பும் பொருளை விட்டு அவருடைய விளக்கம் அதிக தூரம் செல்வதில்லை. இவ்விருவருக்கும் நடுவே நின்று, கூட்டலும் பெருக்கலும் மாத்திரம் அறிந்த ஒருவன் தன் வீட்டுக்கு வேண்டியதைத் தானே கணக்கிட்டுக்கொள்ள முடியுமா? முடியும். அதற்கு ஐந்தாம் வகுப்புக் கணிதம் போதுமானது.

இந்நாட்டில் இப்பேச்சுக்குத் தேவை இல்லாமற் போகவில்லை. 2016ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13ஆந் திகதியும், 2020ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 17ஆந் திகதியும் இலங்கை முழுவதும் மின்சாரமின்றி இருந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று புகுந்த காரணத்தால் நாடு முழுவதும் மின்தடை ஏற்பட்டது. அதனையடுத்து வந்த நாட்களிலும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டுக்கள் இருந்தன. இவற்றைவிட ஆண்டுதோறும் மழைக்காலத்திலே மரமுறிந்து கம்பியறுவது தனிக்கதை.

இருளில் இருப்பதனால் மாத்திரம் ஒரு குடும்பம் கெட்டுவிடாது. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான தேசிய மின்வழங்கல் துண்டிக்கப்பட்ட பின்னர், எங்கள் தலைமுறையினர் போத்தல் விளக்கின் வெளிச்சத்திலே படித்துப் பரீட்சை எழுதினோம். துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். ஆனால் இன்றைய வீட்டிலே நிலைமை வேறு. கிணற்றிலே துலாவும் இல்லை, கப்பியும் இல்லை. மோட்டர் நின்றால் தண்ணீரும் நின்றுவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியிலே பெரியவர்களின் இன்சுலின் இருக்கிறது. சில வீடுகளிலே, சுவாச நோயாளி ஒருவர் காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் இயந்திரத்தின் துணையோடு படுத்திருக்கிறார். அவ்வீட்டிலே மின்தடை என்பது வசதிக்குறைவு அன்று, உயிர்ப்பிரச்சினை. அங்கே மின்பிறப்பாக்கியின் அளவிலே பிழை நேரக்கூடாது.

கடைக்குச் செல்பவர் முதலிற் கேட்கும் கேள்வி, “எங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாற்று வேண்டும்?” என்பது. வீட்டிலே எத்தனை அறை, என்னென்ன சாமான் என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். சாமான்களையெல்லாம் ஒன்றுவிடாமற் கூட்டினால் பெரிய தொகையொன்று வந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: மின்சாரம் இல்லாத நேரத்தில் எவை ஒரே சமயத்தில் ஓடியே ஆகவேண்டும்? அதற்கு விடைகூறக் கூடியவர் கடையில் இல்லை, வீட்டிலேதான் இருக்கிறார். பெரும்பாலும் வீட்டுத் தலைவியே அவ்விடையை நன்கறிவார்.

கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு மின்கருவியின் பின்புறத்திலும் அல்லது அடியிலும் ஒரு சிறு தகடு அல்லது ஒட்டுத்தாள் இருக்கும். அது எத்தனை வாற்று மின்வலுவை உட்கொள்கிறது என்று அதிலே எழுதியிருக்கும். சிலவற்றிலே வாற்று இராது, அம்பியர் மாத்திரம் இருக்கும். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஆகவே அம்பியரை 230 ஆற் பெருக்கினால் வாற்று ஏறத்தாழக் கிடைத்துவிடும். தகட்டிலே 5 அம்பியர் என்றிருந்தால் 1,150 வாற்று. இவ்வளவே சூத்திரம்.

ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாற்று மின்குமிழ் ஆறு. அவை 54 வாற்று. மின்விசிறி இரண்டு, ஒன்றுக்கு 75 ஆக 150. குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது 150. தொலைக்காட்சி 80. இணைய இணைப்புப் பெட்டிக்கும் கைப்பேசிகளுக்குமாக 30. கூட்டினால் 464 வாற்று. நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் தரும் ஒட்சிசன் இயந்திரம் ஒன்றும் அவ்வீட்டில் இருக்குமாயின், அதற்கு 350 வாற்று அளவில் வேண்டும். ஆக 814. இத்துடன் ஒரு குதிரைவலு நீரிறைக்கும் மோட்டரைச் சேர்ப்போம். ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று என்று மாணவர்கள் மனனஞ் செய்திருப்பார்கள். ஆனால் அது மோட்டர் வெளியே தரும் வலு. மோட்டர் தனக்கென்று ஒரு பங்கை வெப்பமாக இழப்பதால், அது உட்கொள்வது ஏறத்தாழ 1,000 வாற்று. மொத்தம் 1,814.

அப்படியாயின் இரண்டு கிலோவாற்று இயந்திரம் போதுமே என்று தோன்றும். தோன்றுவது இயல்பே. பலர் ஏமாறும் இடமும் இதுவே.

நின்ற வண்டிலைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உருளத் தொடங்கிய வண்டிலை ஒருவர் தள்ளிச் செல்லலாம். நின்ற வண்டிலை அசைப்பதற்கு மூவர் தோள்கொடுக்க வேண்டும். மோட்டரும் அவ்வாறே. நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளிலே, அது வழமையாக எடுக்கும் மின்னோட்டத்தின் ஐந்து, ஆறு, சில வேளைகளில் ஏழு மடங்கைக்கூட இழுக்கும். அந்த இழுவை முழுவதும் உண்மையான வலுவாக இயந்திரத்தின் மேல் விழுவதில்லை. ஆகவே வீட்டுக் கணக்குக்கு, மோட்டர் உள்ள கருவி ஒவ்வொன்றுக்கும் தொடக்க வலு மும்மடங்கு என்று கொள்வது வழக்கம். ஒரு குதிரைவலு மோட்டருக்கு 3,000 வாற்று. குளிர்சாதனப் பெட்டியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மோட்டர் உண்டு; ஓடும்போது 150 எடுக்கும் பழைய பெட்டி, தொடங்கும்போது 800 வாற்று வரை கேட்கும். புதிதாக வரும் இன்வேட்டர் வகைப் பெட்டிகள் மெல்லத் தொடங்குவதால் இத்தொல்லை அவற்றில் மிகக் குறைவு.

இந்த உண்மையை எந்த நூலையும் படியாமல் அறிந்திருந்தவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். தொண்ணூறுகளிலே யாழ்ப்பாணத்திலே படம் பார்ப்பதென்றால் தொலைக்காட்சி, டெக், மின்பிறப்பாக்கி மூன்றையும் வாடகைக்கு எடுப்பார்கள். பெற்றோல் அருமையான காலம். சிறிதளவு பெற்றோலிலே இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடவிடுவார்கள். இயந்திரத்தோடு வரும் மனிதர் படம் பார்ப்பதில்லை. இயந்திரத்தின் அருகே குந்தியிருந்து அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர் சந்தடிசாக்கிலே மின்னழுத்தியைச் சொருகினாலோ, மோட்டரை ஓடவிட்டாலோ, ஓசை தாழ்ந்து முனகும். உடனே எழுந்து உள்ளே வருவார். பிறகு அவ்வீட்டுக்கு அவர் இயந்திரம் கொடுப்பதில்லை. ஓசை தாழ்வதென்பது சுற்றுவேகம் குறைவது. சுற்றுவேகம் குறைந்தால் மின்னழுத்தமும் மீடிறனும் குறையும். அந்தக் குறைவே நுண்ணிய கருவிகளைக் கெடுக்கிறது. அம்மனிதரின் காது அதனை அளந்தது.

ஆகவே நமது வீட்டுக் கணக்கை மீண்டும் போடுவோம். ஏனையவை ஓடிக்கொண்டிருக்க, 814 வாற்றுக்கு மேலாக மோட்டர் தொடங்குமாயின் அக்கணத்திலே 3,814 வாற்று வேண்டும். இதற்கு நான்கு கிலோவாற்று இயந்திரம் தேவை. மோட்டரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால்? 814 வாற்றோடு, குளிர்சாதனப் பெட்டி தொடங்கும்போது மேலதிகமாகக் கேட்கும் 650ஐக் கூட்டினால் 1,464. இரண்டு கிலோவாற்று இயந்திரம் தாராளமாகப் போதும். ஒரு மோட்டரைச் சேர்ப்பதும் விடுவதும் இயந்திரத்தின் அளவை இரட்டிப்பாக்குகின்றன.

மோட்டரை எவ்வாறு நீக்குவது? தண்ணீர் வேண்டாமா? மின்சாரம் இருக்கும்போதே நீரை மேலேற்றி வைத்துக்கொள்வதே வழி. 1,000 லீற்றர் கொள்ளும் தொட்டியொன்று உயரத்திலே இருக்குமாயின், சிக்கனமுள்ள குடும்பத்துக்கு ஒரு நாளைக்குக் கவலையில்லை. தொட்டிக்கு எரிபொருள் வேண்டாம், அது சத்தமிடுவதுமில்லை. மோட்டரை விடவே முடியாத வீடாயின், மாற்றும் காலம் வரும்போது அரைக் குதிரைவலு மோட்டரை வாங்கலாம். அதன் தொடக்க வலு 1,500 வாற்றளவில் அடங்கும். கிணறு ஆழமில்லாத இடங்களிலே வீட்டுத் தேவைக்கு அது போதும்.

என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவருடைய தாயார் ஒட்சிசன் இயந்திரத்தின் துணையோடு வாழ்ந்தவர். ஆசிரியர் கடன்பட்டு ஒரு மின்பிறப்பாக்கி வாங்கினார். பெட்டியிலே பெரிய எழுத்திலே 2.8 கிலோவாற்று என்று இருந்தது. வீட்டிலே ஒரு குதிரைவலு மோட்டர். மின்வெட்டு வேளையிலே குளிப்பதற்காக யாரேனும் மோட்டரைப் போட்டால், தாயாரின் இயந்திரம் அபாய ஒலியெழுப்பி நின்றுவிடும். ஒட்சிசன் இயந்திரம் பழுது என்று எண்ணி அதனை இருமுறை திருத்தக் கொடுத்தார். பழுது அதிலே இல்லை. ஒருநாள் என்னிடம், “சேர், பெட்டியில இரண்டு தசம் எட்டு எண்டுதானே போட்டிருக்கு, மோட்டர் ஆயிரந்தானே?” என்று கேட்டார். இருவருமாக அமர்ந்து நான் மேலே சொன்ன கணக்கைப் போட்டோம். மோட்டர் தொடங்கும்போது மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினாலுங்கூட, ஒட்சிசன் இயந்திரத்துக்கும் மோட்டருக்குமாக 3,350 வேண்டியிருந்தது. அவர் இயந்திரத்தை மாற்றவில்லை. தொட்டியை உயர்த்திக் கட்டினார். மோட்டருக்கான இணைப்பை மின்பிறப்பாக்கியின் பக்கத்திலிருந்து முற்றாக அகற்றுவித்தார். வீட்டில் உள்ளவர்களின் ஞாபகசக்தியை நம்பாமல் இணைப்பையே அகற்றியதை நான் மிகவும் மெச்சுகிறேன். அதன்பின் தாயாரின் இயந்திரம் நிற்கவில்லை. வைத்தியரின் ஆலோசனைப்படி ஒட்சிசன் உருளையொன்றும் கட்டிலருகே இருந்தது. மின்சாரம் நின்று மின்பிறப்பாக்கி உயிர்பெறும் வரையிலான நிமிடங்களுக்கும், அது உயிர்பெற மறுக்கும் நாளுக்கும் அதுவே துணை. நோயாளியுள்ள வீட்டினர் எவரும் ஓர் இயந்திரத்தை மாத்திரம் நம்பியிருத்தல் ஆகாது.

பெட்டியின் மேலே எழுதப்படும் இலக்கங்களைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் உச்ச வலு. அது சில விநாடிகளுக்கோ சில நிமிடங்களுக்கோ தரக்கூடியது. தொடர்ந்து தரக்கூடிய வலு சிறிய எழுத்திலே, தகட்டிலே இருக்கும். கணக்குக்கு உரியது அதுவே. அதிலும் தொடர்ந்து ஓடும் சுமை ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டாமல் இருப்பது இயந்திரத்தின் ஆயுளுக்கு நல்லது. இன்னுமொன்று: சில இயந்திரங்களில் கிலோவாற்று என்றிராமல் கேவிஏ என்றிருக்கும். இரண்டும் ஒன்றல்ல. அத்தகட்டிலே வலுக்காரணி 0.8 என்று காணப்பட்டால், 5 கேவிஏ என்பது 4 கிலோவாற்றே. விற்பவர் சொல்லாமல் விடும் ஐந்திலொரு பங்கு அது.

மலையகத்து நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறது. எஞ்சினுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் குறைகிறது. ஏறத்தாழ 300 மீற்றருக்கு நூற்றுக்கு மூன்றரை வீதம் எஞ்சினின் வலு குறையும் என்பது கணிப்பு. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே இழப்பு ஐந்திலொரு பங்குக்கும் சற்று அதிகம். கொழும்பிலே 2 கிலோவாற்று தந்த இயந்திரம் அங்கே 1.6ஐயும் எட்டாது. நாம் கணக்கிட்ட வீடு நுவரெலியாவில் இருந்திருந்தால் இரண்டரைக் கிலோவாற்று இயந்திரத்தையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

வெப்பந்தரும் கருவிகளை நான் கணக்கிலே சேர்க்கவில்லை. மின்கேத்தல் 1,500 முதல் 2,000 வாற்று, மின்னழுத்தி 1,000, றைஸ் குக்கர் 700. இவற்றுக்குத் தொடக்க இழுவை இல்லை. ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பசி. ஒரு கேத்தல் தண்ணீரைக் கொதிக்கவைப்பதற்காக ஓர் எஞ்சினைப் பெரிதாக வாங்குவது, ஒரு குடம் நெல்லுக்காக மாட்டுவண்டில் வாங்குவதைப் போன்றது. வாயு அடுப்பும் விறகடுப்பும் இருக்கும் வீடுகளிலே அது வேண்டப்படாதது. உடுப்பை முதல்நாளே அழுத்திவைக்கலாம். வளிச்சீராக்கியைப் பற்றி நான் பேசவில்லை. அதனை மின்வெட்டிலும் ஓட்ட எண்ணுபவர்கள் என் கணக்குக்கு அப்பாற்பட்டவர்கள்.

“எதற்கும் பெரிதாக ஒன்றை வாங்கிவைத்தால் என்ன?” என்று கேட்பாரும் உளர். பணமுள்ளவர்கள் அவ்வாறு செய்வதிலே தவறென்ன என்றும் தோன்றும். இங்கே எஞ்சின் வேலைசெய்யும் முறையைக் கவனித்தல் வேண்டும். நமது மின்சாரத்தின் மீடிறன் விநாடிக்கு 50. சாதாரண சிறிய மின்பிறப்பாக்கி அந்த மீடிறனைத் தருவதற்கு நிமிடத்துக்கு 3,000 முறை சுழலவேண்டும். பத்துக் குமிழ் எரிந்தாலும் 3,000, ஒரு குமிழ் எரிந்தாலும் 3,000. பெரிய எஞ்சினைச் சும்மா சுழற்றுவதற்கே கணிசமான பெற்றோல் செலவாகும். 5 கேவிஏ இயந்திரம் அரைக் கிலோவாற்றுச் சுமைக்கும் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்குக் குறையாமற் குடிக்கும். இன்வேட்டர் வகையைச் சேர்ந்த 2 கிலோவாற்று இயந்திரம் சுமைக்கேற்பத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே சுமைக்கு அது ஏறத்தாழ அரை லீற்றரோடு நிற்கும். அது தரும் மின்சாரமும் சீரானது. 13 மணித்தியால மின்வெட்டிலே ஒன்றுக்குப் 13 லீற்றர், மற்றதற்கு ஆறரை. 2022ஆம் ஆண்டிலே எரிபொருள் வரிசையில் இரவு பகலாக நின்றவர்களுக்கு இந்த வேறுபாட்டின் பொருளை நான் விளக்கவேண்டியதில்லை. அக்காலத்திலே கொள்கலன்களில் எரிபொருள் வழங்குவதும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. பெரிய இயந்திரம் வைத்திருந்தவர்கள் பலர் அதனைத் துணியால் மூடிவைத்துவிட்டுத் தாமும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். டீசல் இயந்திரமாயின் இன்னுமொரு தீங்கு உண்டு. அதன் வலுவில் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த சுமையோடு நெடுநேரம் ஓடினால் எரிபொருள் முற்றாக எரியாது. கரியும் எண்ணெய்ப் பிசினும் உள்ளே படிந்து எஞ்சின் கெடும்.

எரிபொருளை மிச்சப்படுத்த இன்னொரு வழி, இயந்திரத்தை இடைவிட்டு ஓட்டுதல். மூடியபடியே இருக்கும் குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் தன் குளிர்ச்சியைக் காத்துக்கொள்ளும். ஆகையால் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு மணித்தியாலம் ஓட்டினால் இன்சுலினும் பாலும் பழுதாகா. பிள்ளைகள் நிமிடத்துக்கொரு முறை கதவைத் திறந்து பார்ப்பதைத் தடுக்கும் பொறுப்பு பெற்றோருடையது.

ஒன்றிரண்டு மணித்தியால மின்வெட்டு மாத்திரமே உங்கள் கவலையாயின், மின்பிறப்பாக்கியே வேண்டாம் என்பேன். 12 வோல்ற்று, 150 அம்பியர்-மணி கொண்ட ஈய மின்கலம் ஒன்றிலே 1,800 வாற்று-மணி அடங்கும். அதனைப் பாதிக்குமேல் இறக்காமல் பயன்படுத்தினாலும் 900 கிடைக்கும். மோட்டரும் ஒட்சிசன் இயந்திரமும் இல்லாத நமது 464 வாற்று வீடு அதிலே இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைய ஓடும். புகையில்லை, அயலவருக்குத் தொல்லையில்லை. கூரையிலே சூரியப் படலங்கள் பொருத்தியவர்கள் தமக்கு இக்கவலையே இல்லையென்று எண்ணுவதுண்டு. மின்கலமில்லாமல் பொதுமின்வழங்கலோடு மாத்திரம் இணைக்கப்பட்டவை, அம்மின்வழங்கல் நின்றதும் தாமும் நின்றுவிடும். கம்பியிலே வேலைசெய்யும் ஊழியரின் பாதுகாப்புக்காகவே அவை அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளன.

அந்த ஊழியரைப் பற்றிப் பேச்சு வந்தது நல்லது. சிலர் மின்பிறப்பாக்கியிலிருந்து வரும் வயரின் இருமுனையிலும் சொருகியைப் பொருத்தி, அதனைச் சுவரிலுள்ள துளையிலே செருகிவிடுகிறார்கள். வீடு முழுவதும் ஒளிர்கிறது. ஒளிர்வது வீடு மாத்திரமன்று. பிரதான ஆளியை நிறுத்த மறந்திருந்தால் அம்மின்சாரம் வீதிக்கம்பிக்கும் செல்லும். வீதியிலுள்ள நிலைமாற்றி 33,000 அல்லது 11,000 வோல்ற்றை 230 ஆகக் குறைப்பது போலவே, பின்னோக்கி வரும் 230ஐ ஆயிரக்கணக்கான வோல்ற்றாக உயர்த்தியும் விடும். அறுந்த கம்பியைத் திருத்த மழையிலே கம்பமேறியிருக்கும் மனிதர், அக்கம்பி உயிரற்றது என்று நம்பித் தொடுகிறார். அது போதாதென்று, மின்வழங்கல் திடீரென மீளும்போது அந்த இயந்திரமும் எரியும். இதற்கு ஒரே பரிகாரம் மாற்று ஆளி. கடைகளிலே சேஞ்சோவர் சுவிச் என்று கேட்டால் தருவார்கள். அது வீட்டை ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தோடு மாத்திரம் இணைக்கும். இரண்டோடும் சேர இணைக்க அதற்கு இயலாது. தகுதிபெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டு, புவித்தொடுப்போடு அதனைப் பொருத்துவியுங்கள். அதற்குரிய செலவையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே முதலில் எண்ணவேண்டும்.

மற்ற ஆபத்துக் கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்படாதது. எஞ்சினின் புகையிலே காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலையிடியும் தூக்கமும் வரும், தூங்கினவர் எழும்பமாட்டார். மழைக்குப் பயந்தும் கள்வருக்குப் பயந்தும் மின்பிறப்பாக்கியைக் குசினியிலோ, விறாந்தையிலோ, கராச்சிலோ வைப்பவர்கள் இருக்கிறார்கள். கதவைத் திறந்துவைத்தாலும் அது போதாது. வீட்டிலிருந்து 20 அடிக்குக் குறையாத தூரத்திலே, வெளியிலே, புகைபோக்கி கதவையும் யன்னலையும் பாராதபடி வைத்தல் வேண்டும். மழைக்கு, பக்கங்கள் திறந்த ஒரு கூரை போதும். கள்வருக்குச் சங்கிலி போடலாம். எரிபொருள் ஊற்றும்போது எஞ்சினை நிறுத்திச் சூடாற விடுங்கள். சூடேறிய எஞ்சினிலே சிந்திய பெற்றோல் பற்றிக்கொள்ளும்.

இனி, வாங்கும் நாளுக்கு ஒரு யோசனை. கணக்கை ஒரு தாளிலே எழுதிக்கொண்டு போங்கள். மோட்டரை இணைத்தே ஆகவேண்டிய வீடாயின், கழற்றக்கூடிய மோட்டராக இருந்தால் அதனையும் முச்சக்கரவண்டியிலே ஏற்றிச் செல்லுங்கள். கடைக்காரர் முகஞ்சுழித்தாலும் கவலையில்லை. இயந்திரத்தை முதலில் எச்சுமையுமின்றி இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஒரு குமிழை எரியவைத்து, பின்னர் மோட்டரைத் தொடக்கச் சொல்லுங்கள். தண்ணீரின்றிச் சுழலும் மோட்டர் சுமையோடு தொடங்கும் மோட்டரைவிட இலேசானது. ஆகவே இச்சோதனையிலேயே குமிழ் மங்கி எஞ்சின் முனகுமாயின், கிணற்றடியிலே அது மோட்டரைத் தொடக்கமாட்டாது. மோட்டரை ஓரிரு விநாடிக்குமேல் வெறுமையாக ஓடவிடவேண்டாம். வீட்டுக்கு வந்தபின் ஒழுங்கு இதுதான்: முதலில் எஞ்சின், அடுத்துப் பெரிய மோட்டர், அதன்பின் குளிர்சாதனப் பெட்டி, கடைசியிலே விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும். நோயாளியின் இயந்திரத்தைப் பெரிய மோட்டர் தொடங்கி ஓட்டம் சீரானதும் இணைக்கலாம்; அதுவரை உருளை. நிறுத்தும்போது இவ்வொழுங்கைத் தலைகீழாகக் கொள்ளுங்கள். இதனை வெள்ளைத்தாளிலே பெரிய எழுத்தில் எழுதி மாற்று ஆளியின் அருகே ஒட்டிவைத்தால், நீங்கள் வீட்டிலில்லாத வேளையிலும் பிள்ளைகள் பார்த்துச் செய்வார்கள்.